பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு எந்த நாய்?

காப்பகத்திலிருந்து நாய் எடுத்து வளர்க்க நினைக்கும் பெற்றோர் முதலில் கேட்பது, "இது என்ன ஜாதி?" என்பதுதான். பிள்ளைகளை நினைத்துக் கேட்கிறார்கள், தவறில்லை. ஆனால் ஜாதிப் பெயர் பிள்ளையைக் காப்பாற்றாது.

கேமரன் மலைத் தோட்டங்களில் லயத்து வாசலில் படுத்திருக்கும் நாட்டு நாயை யாரும் 'ஜாதி நாய்' என்று சொல்வதில்லை. ஆனால் அதே மலையில் ஓடும் தெலோம் ஆற்றின் பெயரில் ஒரு நாய் இனமே இருக்கிறது. அந்தப் பகுதி ஓராங் அஸ்லி மக்கள் வளர்த்த நாய்களில் ஒரு ஜோடியை, 1963-இல் ஓர்வில் எலியட் என்ற மானிடவியலாளர் அமெரிக்காவுக்கு அனுப்பினார். 'தெலோமியன்' என்று பெயர் சூட்டப்பட்டது. கம்பங்கள் மேல் கட்டிய வீட்டில் ஏணி ஏறிப்போய் குடும்பத்தோடு வாழ்ந்த நாய் அது. நம் ஊர் நாய்க்கு மதிப்பு வர, அது கடல் கடக்க வேண்டியிருந்தது!

அந்த ஜோடி போய்ச் சேர்ந்தது ஜாக்சன் ஆய்வுக்கூடத்தின் ஜான் பால் ஸ்காட்டிடம். நாய்களின் குணத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர். ஃபுல்லர் என்பவருடன் சேர்ந்து 1965-இல் அவர் வெளியிட்ட நூலின் முக்கியச் செய்தி இது: பிறந்து 3 முதல் 12 வாரத்துக்குள் மனிதரோடு பழகாத குட்டி, பிறகு மனிதரைக் கண்டாலே மிரளும். மிரண்ட நாய் கடிக்கும். 2022-இல் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு நாயின் குணத்தில் இனத்தின் பங்கு சுமார் 9 விழுக்காடுதான் என்று தெரிந்தது.

ஆகவே காப்பகத்தில் நாயின் நடத்தையைப் பாருங்கள். தானாக அருகில் வருகிறதா? பிள்ளை சத்தம் போட்டால் பதுங்குகிறதா, உறுமுகிறதா? குட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். வளர்ந்த நாயின் குணம் கண்முன்னே தெரியும்; குட்டியோ எப்படி வளரும் என்று சொல்ல முடியாது, போதாக்குறைக்குப் பல் முளைக்கும்போது கண்டதையும் கடிக்கும்.

தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை, மாவட்ட மன்ற உரிமம் நான்கையும் தள்ளிப்போடாதீர்கள். 2017-இல் சரவாக்கில் வெறிநாய் நோய் பிள்ளைகளின் உயிரைப் பறித்ததை மறக்க முடியுமா? நாய் கடித்தால் மஞ்சள் பூசிக்கொண்டு இருக்காமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சின்னப் பிள்ளையை நாயுடன் தனியே விடக்கூடாது, எவ்வளவு சாதுவாக இருந்தாலும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதைத் தொடக்கூடாது என்று, நாய் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள்.