லோடர் பக்கெட்டுக்குப் பல் பட்டை: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

டிராக்டரின் முன்புறம் லோடர் பொருத்தினால் எருக்குழியில் குப்பை அள்ளவும், உரிய அனுமதி பெற்று ஏரி வண்டல் ஏற்றவும் ஆள் செலவு குறையும். ஆனால் இறுகிய மண்ணில் பக்கெட்டின் தட்டையான விளிம்பு எளிதில் இறங்காது. வண்டியைப் பின்னுக்கு எடுத்து வேகமாக வந்து மோதினால் விளிம்பு வளையும். லோடர் கைகளும் முன் அச்சும் பழுதாகும். பல் பட்டை பொருத்தினால், தள்ளும் விசை சில முனைகளில் மட்டும் விழுவதால் மெதுவாகத் தள்ளினாலே மண் பெயரும்.

அளவு: பட்டை பக்கெட்டுக்குள் உட்காருவதால் வெளி அகலத்தை அளக்கக் கூடாது. இரு பக்கத் தகடுகளுக்கும் இடையிலுள்ள உள் அகலத்தை, விளிம்பை ஒட்டி அளக்க வேண்டும். பழைய பக்கெட்டில் தகடு வளைந்திருக்கலாம்; இரண்டு மூன்று இடங்களில் அளப்பது நலம்.

பற்கள்: பற்கள் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றின் மீதும் விசை கூடும், கெட்டி மண்ணில் நன்றாக இறங்கும். மிக நெருக்கமான பற்களுக்கிடையே ஈரக் களிமண் அடைத்துக்கொள்ளும். தேய்ந்த பல்லை மட்டும் கழற்றி மாற்றும் வகை நீண்ட காலத்துக்குச் சிக்கனமானது.

பொருத்துதல்: பற்களை விளிம்பில் வெல்டிங் செய்துவிட்டால் களம் வழிக்கவோ மண் நிரவவோ பக்கெட் பயன்படாது. பக்கத் தகடுகளில் போல்ட் போட்டு முடுக்கும் பட்டையே ஏற்றது. அது விளிம்பின் மேல் இடைவெளியின்றிப் படிய வேண்டும். இல்லையெனில் விசை முழுவதும் போல்ட்டுகளில் விழும்.

எடை: பட்டையின் எடை அளவுக்கு லோடர் தூக்கும் பாரம் குறையும். சிறிய டிராக்டருக்குக் கனமான பட்டை ஏற்றதல்ல. பின்புறம் எதிர் எடையும் அவசியம்.

மக்கி உதிர்ந்த எருவை மட்டும் அள்ளுபவருக்கு வெறும் பக்கெட்டே போதும். ஆண்டில் ஓரிரு நாள் வேலைக்குப் பட்டை வாங்குவதைவிட, பல் பட்டையுள்ள வண்டியை வாடகைக்கு அமர்த்துவது லாபம். பெரிய மரத் தூர், பாறை ஆகியவற்றுக்குப் பல் பட்டை இருந்தாலும் லோடர் ஈடுகொடுக்காது, பொக்லைனே தேவை.

புதிதாகப் பொருத்திய பட்டையின் போல்ட்டுகளைச் சில மணி நேர வேலைக்குப் பின் மீண்டும் முடுக்க வேண்டும். பல் மாற்றும்போது பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டே கை வைக்க வேண்டும். தூக்கிய பக்கெட்டின் கீழ் எவரும் நிற்கலாகாது.