மென்படலங்களின் காந்தவியல் – 7: ஆறு அணுத்தளக் குரோமியம்

இரும்பு, கோபால்ட் போன்ற காந்த உலோகம் ஒன்றைச் சில நானோமீட்டர் தடிமனுக்குப் படியவைத்து, அதன்மேல் குரோமியம், செம்பு போன்ற வேறோர் உலோகத்தை இன்னும் மெல்லியதாகப் படியவிட்டு, இவ்விரண்டையும் மாறிமாறி அடுக்கிச் சென்றால் கிடைப்பது பல்லடுக்கு மென்படலம். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. இத்தகைய அடுக்கில் காந்த உலோகமே முதன்மையானது என்று தோன்றினாலும், இத்துறையின் வரலாறு பெரும்பாலும் இடையில் கிடக்கும் உலோகத்தின் தடிமனைச் சுற்றியே நடந்திருக்கிறது.

ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் பீட்டர் குரூன்பெர்க்கின் குழுவினர், இரண்டு இரும்புப் படலங்களுக்கு நடுவே குரோமியத்தை வைத்து ஒளிச்சிதறல் முறையில் ஆராய்ந்து, குரோமியம் தக்க தடிமனில் அமைந்தால் இரு படலங்களின் காந்தத் திசைகளும் தாமாகவே ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பிக்கொள்வதை 1986இல் அறிவித்தனர். அந்த எதிர்நிலையை வெளியிலிருந்து செலுத்தும் காந்தப்புலம் குலைத்து, இரண்டையும் ஒரே திசைக்குக் கொண்டுவந்துவிடும்.

அப்போது மின்தடை என்னவாகும் என்பதற்குப் பாரிஸை அடுத்த ஓர்சே பல்கலைக்கழகத்தின் ஆல்பெர் ஃபெர் குழு 1988இல் விடை கண்டது. 3 நானோமீட்டர் இரும்பு, 0.9 நானோமீட்டர் குரோமியம் என்ற இணையை 60 முறை அடுக்கிய அவர்களது மாதிரியின் மொத்தத் தடிமன் ஒரு மைக்ரோமீட்டரில் கால் பங்குகூட இல்லை. அதில் ஒவ்வொரு குரோமியப் படலமும் ஏறத்தாழ ஆறு அணுத்தளங்களே கொண்டது. திரவ ஹீலியத்தின் குளிரில், சுமார் 2 டெஸ்லா காந்தப்புலத்தில் அம்மாதிரியின் மின்தடை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காந்தப்புலத்தால் இரும்பின் மின்தடை மாறுவதைக் கெல்வின் 1857லேயே கண்டிருந்தார் என்றாலும், அம்மாற்றம் சில விழுக்காட்டைத் தாண்டியதில்லை. ஆகவே இப்புதிய விளைவுக்குப் பெருங்காந்தமின்தடை என்ற பெயர் வந்தது.

காரணம் எலக்ட்ரானின் தற்சுழற்சியில் இருக்கிறது. காந்த உலோகத்தில் மின்னோட்டம், தற்சுழற்சியின் இரு திசைகளுக்கு ஏற்ப இரண்டு தனித்தனி ஓடைகளாகச் செல்கிறது என்பது மோட் 1936இல் முன்வைத்த கருத்து. படலங்கள் யாவும் ஒரே திசையில் காந்தமாகியிருந்தால் ஓர் ஓடை அதிகம் சிதறாமல் கடந்துவிடும். அவை எதிரெதிராக இருந்தால் இரண்டு ஓடைகளுமே ஏதாவதொரு படலத்தில் சிதறடிக்கப்படுவதால் மின்தடை உயர்கிறது.

ஆனால் ஃபெர் குழுவின் மாதிரிகள், மிகுவெற்றிடத்தில் அணுக்களை மெல்ல மெல்லப் படியவைக்கும் மூலக்கூற்றுக் கற்றை முறையில் உருவானவை. தொழிற்சாலைக்கு அந்த நிதானம் ஒத்துவராது. கலிஃபோர்னியாவில் உள்ள ஐபிஎம்மின் ஆல்மடன் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் பார்கின், அயனிகளால் உலோகத்தை மோதி அணுக்களைத் தெறிக்கவிட்டுப் படியவைக்கும் விரைவான முறையையே கையாண்டு, இடைப்படலத்தின் தடிமனைச் சிறிது சிறிதாக மாற்றி மாதிரிகளை வரிசையாகச் செய்து பார்த்தார். தடிமன் கூடக்கூட எதிர்நிலையும் ஒருதிசைநிலையும் மாறிமாறி வருவதை அவர் குழு 1990இல் வெளியிட்டது. பல உலோகங்களில் இந்த அலைவின் நீளம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டரே என்பது அடுத்த ஆண்டில் தெரிந்தது. அதாவது, இரண்டு மூன்று அணுத்தளங்கள் பிசகினாலே விளைவு மறைந்துவிடக்கூடும். விளைவைக் கண்டறிந்தவர்களுக்குச் சற்றும் குறையாத பெருமை இந்தப் பொறுமையான அளவெடுப்புக்கும் உரியது. எனினும் 2007ஆம் ஆண்டின் நோபல் பரிசை ஃபெரும் குரூன்பெர்க்கும் மட்டுமே பகிர்ந்துகொண்டனர்.

இவ்விளைவைப் பயன்படுத்தும் படிப்புத் தலை பொருத்திய வன்தட்டை ஐபிஎம் 1997இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நடுவில் உள்ள உலோகத்தை நீக்கிவிட்டு, மின்சாரத்தைக் கடத்தாத ஆக்சைடை அங்கே வைத்தபோதும் எலக்ட்ரான்கள் ஊடுருவிச் சென்றது எப்படி என்பதை அடுத்த வாரம் காணலாம்.