சிவப்பு சட்டை போட்டா காளை முட்டுமா? மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் ரகசியம் என்ன?

"டேய், அந்த சிவப்பு சட்டையை மாத்திட்டுப் போடா, மாடு முட்டிரும்!"

தை மாசம் ஜல்லிக்கட்டு பார்க்கக் கிளம்பும்போது மதுரைப் பக்கம் பல வீடுகளில் கேட்கும் வசனம் இது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று வரிசையாக வாடிவாசல் திறக்கும் நாட்களில் இந்தப் பேச்சு இன்னும் அதிகமாகும்.

உண்மையிலேயே சிவப்பைப் பார்த்தால் காளைக்குக் கோபம் வருமா? சுருக்கமான பதில்: வராது. நாம் பார்க்கும் அந்த 'சிவப்பு' காளையின் கண்ணுக்கு அப்படித் தெரிவதே இல்லை. ஏன் என்று விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே குளம், வேற வேற காட்சி

மதுரையில் இருந்து தேனி ரோட்டில் போனால் நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. சமணர் மலை, அடிவாரத்தில் அய்யனார் கோயில், அதையொட்டி தாமரைக்குளம். மலையில் இருக்கும் சமணச் சிற்பங்கள் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழமையானவை. லீவு நாளில் போய் செல்ஃபி எடுக்காத மதுரைக்காரர்கள் குறைவு.

அந்தக் குளத்தங்கரையில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பச்சை இலைகளுக்கு நடுவே ரோஸ் கலர் தாமரை பளிச்சென்று தெரியும். பக்கத்தில் ஒரு பசு தண்ணீர் குடிக்கிறது. பாறை மேல் ஒரு மயில். பூவில் ஒரு தேனீ. நான்கு பேரும் பார்ப்பது ஒரே பூதான். ஆனால் நான்கு பேருக்கும் அது ஒரே நிறத்தில் தெரியாது.

காரணம், நிறம் என்பது பூவில் மட்டும் இல்லை. பாதி பூவில் இருக்கிறது, பாதி பார்க்கிறவரின் கண்ணில் இருக்கிறது.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கண்ணின் பின்பக்கம் விழித்திரை இருக்கிறது. அதில் இரண்டு வகை செல்கள்:

குச்சி செல்கள்: மங்கலான வெளிச்சத்தில் வேலை செய்பவை. இவற்றுக்கு நிறம் தெரியாது.

கூம்பு செல்கள்: நல்ல வெளிச்சத்தில் வேலை செய்பவை. நிறம் தெரிவது இவற்றால்தான்.

இந்த செல்களுக்குள் ஒளியைப் பிடிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் பார்வை நிறமி. இது இரண்டு பாகம் கொண்டது. ஒன்று 'ஆப்சின்' என்ற புரதம். இன்னொன்று அந்தப் புரதத்துக்குள் உட்கார்ந்திருக்கும் 'ரெட்டினால்' என்ற சின்ன மூலக்கூறு. இந்த ரெட்டினால் வைட்டமின் ஏ-யில் இருந்து உருவாகிறது.

வெளிச்சம் படாதவரை ரெட்டினால் வளைந்த நிலையில் இருக்கும். ஒளி பட்டதும் சட்டென்று நிமிரும். கண் இமைக்கும் நேரத்தை ஒரு கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தில் இது நடந்து முடிந்துவிடும். அந்த நிமிர்வுதான் மூளைக்குப் போகும் 'பார்த்தாச்சு' என்ற சிக்னலின் தொடக்கம். பார்வைக்கும் வைட்டமின் ஏ-க்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் வால்டுக்கு 1967-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு, வேறு இருவரோடு சேர்த்து வழங்கப்பட்டது.

ரெட்டினால் எல்லா கூம்புகளிலும் ஒன்றுதான். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் ஆப்சின் புரதம் மாறும். புரதம் கொஞ்சம் மாறினாலே, அது எந்த அலைநீள ஒளியை அதிகம் பிடிக்கும் என்பதும் மாறிவிடும்.

நமக்கு மூணு, மாட்டுக்கு ரெண்டு

மனிதக் கண்ணில் மூன்று வகை கூம்பு நிறமிகள். அவை சுமார் 420, 530, 560 நானோமீட்டர் அலைநீளங்களில் அதிகம் வேலை செய்பவை. மூன்றும் தரும் சிக்னல்களை மூளை ஒப்பிட்டுப் பார்க்கிறது. சிவப்பும் பச்சையும் நமக்குத் தனித்தனியாகத் தெரிவது, 530-ம் 560-ம் தரும் சிக்னல்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தால்தான்.

மாட்டுக்கு இரண்டே வகைதான். ஒன்று நீலப் பக்கம், சுமார் 450 நானோமீட்டர். இன்னொன்று மஞ்சள்-பச்சைப் பக்கம், சுமார் 555. ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது ஆள் இல்லை. அதனால் நீலத்தையும் மஞ்சளையும் பிரிக்க முடியும். ஆனால் சிவப்பையும் பச்சையையும் நம்மைப் போல பிரிக்க முடியாது.

அப்படியென்றால் மாட்டுக்கு உலகமே கருப்பு வெள்ளையா? இல்லை. இதுவும் பலர் நம்பும் தப்பான தகவல். மாட்டுக்கு நிறம் தெரியும், நிறங்களின் எண்ணிக்கைதான் குறைவு. நம்முடைய பளிச் சிவப்பு அதற்கு ஏறத்தாழ மங்கிய, கருமை கலந்த மஞ்சள் மாதிரி தெரியலாம்.

மாட்டுப் பொங்கலுக்கு ஒரு கொம்பில் சிவப்பும் இன்னொன்றில் நீலமும் அடிக்கிறோம் இல்லையா? பக்கத்தில் நிற்கும் ஜோடி மாட்டுக்கு நீலக் கொம்பு தனி நிறமாகத் தெரியும். சிவப்புக் கொம்பு சுமாராகத்தான் தெரியும். அந்த சிவப்பு பெயிண்ட் முழுக்க முழுக்க நமக்காக!

அப்போ மாடு ஏன் முட்டுது?

முக்கிய காரணம் அசைவு. மாட்டின் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. அதனால் தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட சுற்றி இருக்கும் எல்லாவற்றையும் பார்க்கும். நேர் பின்னால் மட்டும்தான் தெரியாது. புல்லை மேய்ந்துகொண்டே, புலியோ நாயோ வருகிறதா என்று கவனிக்க அமைந்த கண் இது. திடீர் அசைவு என்றால் அதற்கு ஆபத்து என்று அர்த்தம்.

2007-ல் 'மித்பஸ்டர்ஸ்' என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் இதை சோதித்தார்கள். சிவப்பு, நீலம், வெள்ளை என மூன்று நிறத் துணிகளை வைத்தார்கள். காளை மூன்றையுமே தாக்கியது. பிறகு சிவப்பு உடை போட்ட ஒருவர் அசையாமல் நிற்க, மற்ற இருவர் ஓடினார்கள். காளை துரத்தியது ஓடியவர்களைத்தான். ஸ்பெயின் காளைச் சண்டையிலும் காளையை இழுப்பது சிவப்புத் துணியின் நிறம் இல்லை, அதை ஆட்டும் விதம்.

நம்ம ஊரில் மாடுபிடி வீரர்களுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிறத்தில் டி-ஷர்ட் கொடுப்பது வழக்கம். எந்த நிற டி-ஷர்ட் வந்தாலும் காளைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. நிழலான வாடிக்குள் இருந்து சட்டென்று வெயிலுக்கு வருகிறது. எதிரே ஆயிரக்கணக்கான ஆட்கள், மைக் சத்தம், நாலு பக்கமும் அசைவு. மிரள்வதற்கு அதுவே போதும்.

இதில் பார்வையாளர்களுக்கு ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. 'நான் வெள்ளைச் சட்டைதானே போட்டிருக்கேன்' என்று தைரியமாக தடுப்புக்கு உள்ளே இறங்குவது ஆபத்து. தடுப்புக்கு அருகே துண்டை ஆட்டுவதும், திடீரென்று குதிப்பதும் எந்த நிறத்தில் இருந்தாலும் காளையை உசுப்பும். வீட்டு மாட்டிடம் போகும்போதும் நேர் பின்னாலிருந்து போகாமல், பக்கவாட்டில் குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். 'மாட்டுக்குப் பின்னாடி நிக்காதே' என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சு இல்லை.

நாய், மயில், தேனீ எப்படிப் பார்க்கும்?

நாய்: மாடு மாதிரியே இரண்டு நிறமிகள். பச்சைப் புல்லில் சிவப்பு பந்தைப் போட்டால் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கத் தடுமாறும். நீலப் பந்து வாங்கிக் கொடுங்கள்.

மயில்: நான்கு வகை கூம்பு நிறமிகள். போதாததற்கு, கூம்புகளுக்குள் நிற எண்ணெய்த் துளிகளும் ஃபில்டர் மாதிரி இருக்கின்றன. ஆண் மயில் விரிக்கும் தோகை நமக்கே இவ்வளவு அழகு என்றால், பெண் மயிலுக்கு எப்படி இருக்கும்! கோழிக்கும் நான்கு வகைதான்.

தேனீ: மூன்று வகை. ஆனால் கணக்கு வேறு. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி அதற்குத் தெரியும். சிவப்பு ஒளி தெரியாது.

பறவைக்கு நான்கு இருக்கும்போது மாட்டுக்கும் நாய்க்கும் ஏன் இரண்டு? டைனோசர்கள் பகலை ஆண்ட காலத்தில் பாலூட்டிகளின் முன்னோர்கள் பெரும்பாலும் இரவில் நடமாடினார்கள். இருட்டில் நிறத்துக்கு வேலை இல்லை. தலைமுறை தலைமுறையாக இரண்டு நிறமிகள் தொலைந்து போயின. பல கோடி ஆண்டுகளுக்குப் பிறகு, குரங்குகளின் ஒரு கிளையில் ஒரு நிறமியின் மரபணு நகலாகி, லேசாக மாறியது. அந்தக் கிளையில் வந்தவர்கள்தான் நாம்.

அந்த இரட்டை மரபணுக்கள் நம் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்றுதான் என்பதால், அதில் கோளாறு இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம் வருவது இதனால்தான்.

சீம்பாலை கன்னுக்குக் கொடுங்க

இப்போது ரொம்ப முக்கியமான விஷயம். எத்தனை வகை நிறமி இருந்தாலும், அதைச் செய்ய வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் முதலில் அடிபடுவது குச்சி செல்கள். பொழுது சாய்ந்ததும் கண் தெரியாது. அதுதான் மாலைக்கண்.

மாட்டுக்கு இந்தச் சத்து கிடைப்பது பசும்புல்லில் இருக்கும் கரோட்டீனில் இருந்து. மழை பொய்த்து, மாதக்கணக்கில் காய்ந்த வைக்கோல் மட்டுமே போட்டால் மாட்டுக்கும் மாலைக்கண் வரும். அந்தி நேரத்தில் மாடு கட்டுத்தறியில், சுவரில் இடித்துக்கொண்டு தடுமாறினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கன்றுக்குட்டி பிறக்கும்போது அதன் உடம்பில் வைட்டமின் ஏ இருப்பு மிகக் குறைவு. அதை நிரப்புவது தாயின் சீம்பால். அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணமே கரோட்டீன்தான். சீம்பாலைக் காய்ச்சி இனிப்பு செய்து சாப்பிட எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் கன்று வயிறாரக் குடித்த பிறகு மிச்சம் இருந்தால் மட்டும் எடுங்கள்.

குழந்தைகளுக்கும் இதே கதைதான். 1970-களில், பிறகு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, சத்துக்குறைவால் பார்வை பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக மதுரையில் பணியாற்றினார். இன்று 9 மாதம் முதல் 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் அரசு சார்பில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். வீட்டில் முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை போதும். சாயங்காலம் ஆனால் குழந்தை பொருள்களில் இடித்துக்கொண்டு நடந்தால் உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், வைட்டமின் ஏ அளவுக்கு மீறினாலும் ஆபத்து.

கடைசியாக...

தை மாசம் ஜல்லிக்கட்டுக்கு சிவப்பு சட்டை தாராளமாகப் போட்டுட்டுப் போங்க. ஆனா தடுப்புக்கு வெளியவே நில்லுங்க. காளை பார்க்கப் போறது உங்க சட்டை நிறத்தை இல்லை, உங்க ஆட்டத்தை!