வெளிச்சத்துக்கு ஒரு புனல்

சமையலறையில் எண்ணெய் ஊற்றும் புனலைக் கையில் எடுத்துப் பாருங்கள். வாய் அகலம், அடி குறுகல். ஊற்றிய எண்ணெயெல்லாம் கீழே இறங்கிவிடும். அதன் உட்புறத்தைக் கண்ணாடி போலப் பளபளப்பாக்கி வெயிலில் பிடித்தால், வெளிச்சமும் அப்படியே அடியில் வந்து சேரும் என்றுதானே நினைக்கிறீர்கள்?

அதுதான் இல்லை! சாய்ந்து வரும் கிரணம் சுவருக்குச் சுவர் மோதி, ஒவ்வொரு மோதலிலும் இன்னும் சாய்ந்து, கடைசியில் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. அணுத்துகள்கள் வாயுவினூடே பாயும்போது எழும் செரன்கோவ் ஒளி மிகவும் மங்கலானது. தவற விட்ட வெளிச்சம், தவற விட்ட செய்தி அல்லவா? 1966இல் ஹின்டர்பெர்கர், ரோலண்ட் வின்ஸ்டன் என்ற இருவர் இதற்கு வழி சொன்னார்கள்.

கல்யாணப் பந்தியை நினைத்துக் கொள்ளுங்கள். இன்னார் இந்த இலையில்தான் உட்கார வேண்டும் என்றால் எத்தனை சிரமம்! காமிராவின் லென்ஸ் படும் பாடு அதுதான். ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில் விழுந்தால்தான் படம் வரும். யார் எங்கே உட்கார்ந்தால் என்ன, எல்லோரும் உள்ளே வந்தால் போதும் என்றால் வேலை சுலபம். படம் வேண்டாம், வெளிச்சம் போதும்!

அதற்காகப் புனலின் நேர்ச்சுவரைப் பரவளைவாக வளைத்தார்கள். ஏற்க நினைக்கும் கிரணங்களில் கடைக்கோடியில் சாய்ந்து வருபவை, அடிவாயின் ஓரத்தில் விழ வேண்டும். விரிப்பின் ஓரங்களைக் கட்டிலின் ஓரத்தில் செருகிவிட்டால் நடுப்பகுதி எங்கே போகும்? மற்றக் கிரணங்களும் உள்ளே அடங்கிவிடும்.

பேராசைக்கு இங்கே இடமில்லை. நீண்ட தொட்டி வடிவில், இரு பக்கமும் 30 டிகிரி சாய்வு வரை வரும் வெயிலையெல்லாம் ஏற்றால், இரண்டு மடங்குதான் செறிவு. பத்து மடங்கு வேண்டுமானால் 6 டிகிரிக்குள் அடங்க வேண்டும்!

எல்லா வடிவத்துக்கும் இப்படிச் சூத்திரம் கிடைப்பதில்லை. அப்போது கம்ப்யூட்டர்தான் துணை. ஒவ்வொரு கிரணமாகப் பின்தொடர்ந்து, எங்கே மோதியது, எங்கே விழுந்தது என்று கணக்கெழுதும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். இங்கே லட்சக் கணக்கில் பதம் பார்க்க வேண்டும். கண்டபடி இறைத்த கிரணங்களானால், பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு கிரணம் தேவை. பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு! ஆகவே கெட்டிக்காரர்கள் கோலப்புள்ளி போலச் சீராகப் பரப்பி, குறைந்த கிரணங்களிலேயே பதில் கண்டுவிடுகிறார்கள். ஓரக் கிரணங்களை முதலில் சோதித்தால், உதவாத வடிவங்களை உடனே தள்ளிவிடலாம்.

1974இல் வின்ஸ்டன் இதைச் சூரிய வெப்பத்துக்குக் கொண்டு வந்தார். சில மொட்டைமாடி வெந்நீர்க் கருவிகளில் குழாய்க்குப் பின்னால் மினுங்கும் வளைந்த தகடு இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். சூரியனைத் துரத்திச் சுழல மோட்டார் வேண்டாம். எல்.இ.டி. தெருவிளக்கின் வெளிச்சம் உங்கள் படுக்கையறை ஜன்னலில் விழாமல் சாலையில் விழச் செய்வதும் இதே கணக்குத்தான். திசை மட்டும் மாறியிருக்கிறது.

அடுத்த முறை புனலைக் கழுவும்போது, அதன் நேர்ச்சுவரைச் சற்றே உற்றுப் பாருங்கள். எண்ணெய்க்கு அது போதும். வெளிச்சத்துக்குத்தான் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது!