நூற்றுக்கு எத்தனை?



விழுக்காட்டுக் கணக்கு என்றதும், பெருக்கலும் வகுத்தலும் நிறைந்த பெருந்தொல்லை என்றே பலர் எண்ணுகின்றனர். பென்சிலைத் தொடுவதற்கு முன்பே, விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று மனத்தால் கணித்துக் கொள்பவருக்கோ அது எளிய விளையாட்டு.

ஒன்று பார்ப்போம். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 7 கோடியே 21 இலட்சம் பேர். நம் தேனி மாவட்டத்தில் 12 இலட்சத்து 46 ஆயிரம் பேர். நம் மாவட்டம் நூற்றுக்கு எத்தனை? மாநிலத்தின் ஒரு விழுக்காடு 7 இலட்சத்து 20 ஆயிரம். அரை விழுக்காடு 3 இலட்சத்து 60 ஆயிரம். இரண்டும் சேர்ந்து 10 இலட்சத்து 80 ஆயிரம். எஞ்சியது ஏறத்தாழ 1 இலட்சத்து 66 ஆயிரம். அது கால் விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே விடை ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் கீழே. முறையாக வகுத்தால் 1.73 வருகிறது. ஒன்று, அரை, கால் என்னும் மூன்று படிகளே நம்மை விடையின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டன.

ஆயினும், விரைவு மட்டும் போதாது. விழுக்காடு என்னும் சொல்லைக் கேட்டதும், 'எதன் நூற்றில்?' என்று கேட்கவேண்டும். இதனை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன் ஒருவன்.

நான் ஆசிரியப் பணி ஏற்ற தொடக்க நாட்களில், போடிநாயக்கனூரின் ஏலக்காய் வணிகத்தை எண்ணி ஒரு கணக்கு அமைத்தேன். 'நூறு கிலோ பச்சை ஏலக்காயில் 80 விழுக்காடு நீர். நீர் 10 விழுக்காடு ஆகும்வரை உலர்த்தினால் எத்தனை கிலோ தேறும்?' எண்பதில் பத்துப் போக எழுபது. எழுபது கிலோ நீர் போனால் மிச்சம் முப்பது. இதுவே சரியான விடை என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். வகுப்பில் முதல்வனாகத் திகழ்ந்தவனும் முப்பது என்றே எழுதினான்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் மட்டும் '22' என்று எழுதியிருந்தான். வழிமுறை ஒன்றும் இல்லை. எப்படி வந்தது என்று கேட்டேன். "ஸ்டோரில் உலர்த்தி எடுத்தால் ஐந்துக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் கூடத்தான் தேறும், ஐயா" என்றான். விடுமுறையில் தந்தையோடு மலைத்தோட்டத்துக்கு வேலைக்குச் செல்பவன் அவன். நான் அவனுக்குச் சுழி இட்டேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுந்து கணக்கிட்டேன். காயின் திடப்பொருள் 20 கிலோ. அது எவ்வளவு உலர்த்தினாலும் குறையாது. முப்பது கிலோ மிஞ்சினால் அதில் நீர் 10 கிலோ. அதாவது மூன்றில் ஒரு பங்கு. பத்து விழுக்காடு எங்கே, முப்பத்துமூன்று விழுக்காடு எங்கே! உலர்ந்த காயில் 90 பங்கு திடப்பொருள் எனில், 20ஐ 90ஆல் வகுத்து 100ஆல் பெருக்க, 22.2 கிலோ. முதலில் சொன்ன எண்பது, பச்சைக் காயின் நூற்றில். பின்னர் சொன்ன பத்து, உலர்ந்த காயின் நூற்றில். வெவ்வேறு நூறுகளைக் கழிப்பது எங்ஙனம் பொருந்தும்? முப்பது கிலோவை நம்பிக் கடன் வாங்கிய விவசாயிக்கு எட்டுக் கிலோ குறைந்தால் அவன் நிலை என்ன? மறுநாள் வகுப்பின் முன் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டு, சுழியை அடித்து முழு மதிப்பெண் இட்டேன்.

இதே வினாவை நம் நீருக்கும் எழுப்பலாம். 1895இல் திறக்கப்பெற்ற முல்லைப் பெரியாறு அணையில், 142 அடி வரை நீர் தேக்க 2014இல் உச்ச நீதிமன்றம் இசைந்தது. நீர்மட்டம் 128 அடி என்று செய்தி வருகிறது. 142இல் 128 என்பது 90 விழுக்காடு, மகிழ்ச்சிதான். ஆனால் 104 அடிக்குக் கீழே உள்ள நீர் சுரங்கத்தின் வழியே நமக்கு வாராது. ஆகவே நமக்கு உரிய நூறு, 104க்கும் 142க்கும் இடைப்பட்ட 38 அடி. அதில் இருப்பது 24 அடி, 63 விழுக்காடே! அன்றியும், நீர்த்தேக்கம் மேலே செல்லச் செல்ல அகன்று விரிவது. மேலடி ஒவ்வொன்றும் கீழடியினும் மிகுதியான நீரைக் கொள்ளும். ஆதலால், நீரின் அளவு அந்த 63 விழுக்காட்டினும் குறைவாகவே இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களில் நாற்று விடுவோர், தொண்ணூற்றை நம்பலாமா என்பதை நீங்களே கூறுங்கள்.

மாணவர்களே, கணக்கைப் போடுமுன் மதிப்பிடுங்கள். மதிப்பிடுமுன் எதன் நூறு என்று வினவுங்கள். விடை வந்தபின், கையால் தொழில் செய்பவரின் அறிவோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால், பிழை பெரும்பாலும் நம் ஏட்டில்தான் இருக்கும்.