இரவின் வாயில் காப்போர்

வாயில் காப்போன் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், தமிழ் கற்ற எவர்க்கும் மதுரை அரண்மனை வாயில் நினைவில் எழும். விரிந்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்புமாய் நின்ற கண்ணகியைக் கண்டு அஞ்சிய போதிலும், அக்காவலன் அவளைத் துரத்திவிடவில்லை. உள்ளே சென்று, தான் கண்டதை மன்னனுக்கு அறிவித்தான். உள்ளே விடும் அதிகாரம் அவனுடையதன்று. அறிவிக்கும் கடமை அவனுடையது. சிலப்பதிகாரத்தை மாணவர்க்குக் கற்பிக்கும்போது நாம் அவனைச் சில விநாடிகளிற் கடந்துவிடுகின்றோம். ஆயின், அன்று அவன் "இப்போது வர இயலாது" என்று கூறிக் கதவைச் சாத்தியிருந்தால் வழக்குரை காதை என ஒன்று இருந்திராது.

இன்றைய மாநகரங்களில் அவனுக்கு வழித்தோன்றல்கள் உளர். இரவுக் கேளிக்கை விடுதிகளின் வாயிலிற் கறுப்பு மேலங்கி அணிந்து நிற்கும் காவலரையே குறிப்பிடுகின்றேன். ஆங்கிலேயர் பேச்சு வழக்கில் அவரைப் 'பவுன்சர்' என்பர். கிரிக்கெட் ஆட்டத்திலே நிலத்தில் மோதித் துடுப்பாட்டக்காரரின் தலையை நோக்கி எகிறும் பந்துக்கும் அதே பெயர்தான். மனிதரைப் பந்துபோல வெளியே எறிபவர் என்பது அப்பெயரின் குறிப்பு. பிரித்தானியச் சட்டமோ அவரை 'வாயில் மேற்பார்வையாளர்' என மதிப்போடு அழைக்கின்றது. இவ்விரு பெயர்களுக்கும் இடையே அகப்பட்டதுதான் அவருடைய வாழ்வு.

2002ஆம் ஆண்டில் மேற்படிப்பின் பொருட்டு வட இங்கிலாந்திலே ஒரு தொழில் நகரத்தில் வாழ்ந்தேன். எங்களோடு கற்ற ஒருவரின் பிறந்த நாள். ஐவராக ஒரு நடன விடுதிக்குச் சென்றோம். மூவர் ஆங்கிலேயர், ஒருவர் லாகூரைச் சேர்ந்தவர், ஐந்தாமவன் நான். முன்னே சென்ற மூவரையும் காவலர் ஒரு தலையசைப்போடு உள்ளே விட்டார். எங்கள் இருவரின் முன்னே அவருடைய கை குறுக்கே நீண்டது. "இன்றிரவு அங்கத்தவர்களுக்கு மட்டும்" என்றார். முன்னே சென்றவர்கள் அங்கத்தவர்களா என லாகூர் நண்பர் கேட்டார். காவலர் விடை கூறவில்லை. எங்கள் தலைகளுக்கு மேலாகத் தெருவின் மறுகோடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்முகத்தில் வெறுப்பைத் தேடினேன், காணவில்லை. பலமுறை சொல்லிச் சலித்த வாக்கியம் ஒன்றை இன்னொருமுறை சொல்லிவிட்ட களைப்பே அங்கிருந்தது. உள்ளே சென்ற மூவரும் திரும்பி வந்தனர். தூறல் மழையில், தெருவோரக் கடையொன்றிற் பொரித்த உருளைக்கிழங்கு உண்டு அப்பிறந்த நாளைக் கொண்டாடினோம்.

"அங்கத்தவர்களுக்கு மட்டும்" என்ற அந்த வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைப் பின்னர் நூலகத்தில் அறிந்தேன். பிரித்தானியாவின் முதலாவது இன உறவுகள் சட்டம் 1965இல் நிறைவேறியது. ஹோட்டல், மதுச்சாலை, நாடக அரங்கு, நடன மண்டபம் போன்ற பொது இடங்களில் நிறத்தின் பேரால் ஒருவரை விலக்குவதை அது தடுத்தது. ஆயின், உண்மையிலேயே அங்கத்தவரைத் தெரிந்தெடுத்துச் சேர்க்கும் தனிப்பட்ட கழகங்கள் அச்சட்டங்களுக்குள் அடங்கா எனப் பிரபுக்கள் சபை 1973இலே தீர்ப்பளித்தது. கிழக்கு இலண்டனில் ஓர் அரசியற் கட்சியின் கழகம் இந்தியர் ஒருவரைச் சேர்க்க மறுத்த வழக்கு அது. 1976ஆம் ஆண்டுச் சட்டம், இருபத்தைந்து அல்லது அதற்கு மேற்பட்ட அங்கத்தவரைக் கொண்ட கழகங்களையும் தன் எல்லைக்குள் கொணர்ந்து அவ்வழியை அடைத்தது. சட்டத்திலே வழி அடைபட்ட பின்னரும் வாக்கியம் மட்டும் வாயில்களில் உயிரோடு நின்றது. 2002இல் நான் கேட்டது அதன் எதிரொலியையே.

இதனை எழுதுங்கால் நம் சொந்த மண்ணை மறந்து எழுதுவது நேர்மையாகாது. நாம் ஐரோப்பியரின் கதவுகளைப் பற்றி முறையிடுமுன், யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளும் கோயில்களும் எவ்வெவர்க்குச் சாத்தப்பட்டிருந்தன என்பதையும் எண்ணவேண்டும். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது; அதற்குப் பதினொரு ஆண்டுகளின் பின்னர், 1968இலும், மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலில் மக்கள் உள்ளே செல்லப் போராட வேண்டியிருந்தது. அங்கும் சட்டம் ஒன்று, வாயில் வேறொன்று. வட இங்கிலாந்தின் அந்தக் காவலருடைய பார்வையில் நான் கண்ட சலிப்பு எனக்கு முற்றிலும் புதியதன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நம் ஊரிலே குவளையை வேறாக எடுத்து வைத்த கைகளுக்கு உரியவர்களின் முகங்களிலும் அதே சலிப்பு இருந்தது.

வாயிலில் விலக்கப்பட்டோர் பட்டியல் நீண்டது. அதிற் புகழ்பெற்றோரும் உளர். நியூயோர்க் நகரிலே 1977இல் திறக்கப்பட்ட 'ஸ்ரூடியோ 54' என்னும் விடுதியின் உரிமையாளருள் ஒருவரான ஸ்ரீவ் ரூபெல், தாமே வெளியே வந்து கூட்டத்திலிருந்து ஆட்களைத் தெரிந்தெடுப்பது வழக்கம். அவ்வாண்டின் கடைசி இரவிலே, உள்ளேயிருந்த பாடகி ஒருவரின் அழைப்பை நம்பிச் சென்ற நைல் ரொட்ஜர்ஸ், பேர்னாட் எட்வேட்ஸ் என்னும் கறுப்பின இசைஞர் இருவர் வாயிலிலே திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் வீடு சென்று, சினத்தோடு அவ்விடுதியை ஏசி ஒரு பாட்டைக் கட்டினர். வசைச்சொல்லை மாற்றிய பின்னர் 1978இல் வெளிவந்த அப்பாடல் உலகெங்கும் ஒலித்தது. பெர்லின் நகரிலே, பழைய மின்நிலையக் கட்டடமொன்றில் 2004இல் தொடங்கிய 'பேர்க்ஹைன்' விடுதியின் வாயிலில் நிற்பவராகப் பெயர் பெற்ற ஸ்வென் மார்குவாட், கிழக்கு ஜேர்மனியிலே தொழில் பயின்ற சிறந்த நிழற்படக் கலைஞர். எவர் உள்ளே செல்லலாம் என்பதற்கு அங்கே எழுதப்பட்ட விதி கிடையாது. காவலரின் பார்வையே விதி.

இரசனையின் பேரால் தெரிந்தெடுப்பது எங்கே முடிகின்றது, நிறத்தின் பேரால் விலக்குவது எங்கே தொடங்குகின்றது? இக்கோட்டை வரைவது எளிதன்று. ஆயினும் நீதிமன்றங்கள் அதனை வரைய முயன்றுள்ளன. பிரான்சிலே, இனவாத எதிர்ப்பு இயக்கத்தினர் வெவ்வேறு நிறத்து இளைஞரை ஒரே உடையில், ஒரே இரவில், ஒரே வாயிலுக்கு அனுப்பிப் பரிசோதித்தனர். இத்தகைய பரிசோதனையைச் சான்றாக ஏற்கலாமென அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. ஜேர்மனியிலே ஸ்ருட்காட் மேல்நீதிமன்றம், நிறத்தின் காரணமாக நடன விடுதியிலே தடுக்கப்பட்ட ஓர் இளைஞருக்கு 900 யூரோ வழங்குமாறு 2011இல் தீர்த்தது. தொகை சிறிது. ஆயின் வாயிலிலே நடந்தது ஓர் அவமதிப்பு என நாட்டின் நீதி ஏற்றுக்கொண்டமை சிறிதன்று.

இதுவரை நான் கூறியது வெளியே நின்றவனின் கதை. வாயிலிலே நின்றவரின் கதையை 2008இலே இலண்டனிற் கேட்டேன். அதைச் சொன்னவர் நம்மவர். வடமராட்சியிலே தனியார் வகுப்புகளிற் கணிதம் கற்பித்தவர்; தொண்ணூறுகளிலே புலம்பெயர்ந்தவர். பகலிற் கடையொன்றிலும், வார இறுதி இரவுகளில் விடுதி வாயில்களிலும் வேலை. அவர் உடல் மெலிந்தவர். பயில்வான் தோற்றம் சிறிதும் இல்லை. "அண்ணை, குடிகாரரை எப்பிடிச் சமாளிக்கிறியள்?" என்று கேட்டேன். "தம்பி, பின்வாங்கிலை இருந்து குழப்படி செய்யிற பெடியளை நான் அடிச்சே அடக்கினனான்? குரலை உயர்த்தாமல், பெயரைக் கேட்டு, ரண்டு கதை கதைச்சால் பாதிப் பேர் அடங்கிவிடுவினம். அந்தப் பழக்கந்தான் இஞ்சையும் சோறு போடுது" என்றார்.

இரவு ஒன்பது மணி தொடக்கம் அதிகாலை மூன்று மணி வரை நிற்றல் வேண்டும். குளிரிலே முதலில் மரத்துப்போவது கால்விரல்கள். கையிலே ஓர் எண்ணும் கருவி; உள்ளே செல்பவரையும் வெளியே வருபவரையும் அழுத்தி அழுத்திக் கணக்கிட வேண்டும். அடையாள அட்டையிலுள்ள பிறந்த திகதியைப் பார்த்து வயதைக் கணிக்க வேண்டும். பெண்களைச் சோதிப்பது பெண் காவலரின் வேலை. மயங்கி விழுந்தவரை ஒருக்களித்துக் கிடத்தி, மூச்சைக் கவனித்து, அம்புலன்ஸ் வருமட்டும் அருகிலிருக்க வேண்டும். "கணக்கு வாத்தியாருக்குத் தோதான வேலைதான். விடியுமட்டும் கூட்டலும் கழித்தலும்" என்று சிரித்தார்.

அத்தொழில் முன்பு இவ்வளவு ஒழுங்குடையதாக இருக்கவில்லை. தொண்ணூறுகளிலே இங்கிலாந்தின் பல நகரங்களில் வாயிலைக் கைப்பற்றியவரே உள்ளே எவர் போதைப்பொருள் விற்கலாம் என்பதையும் தீர்மானித்தனர். வாயிலுக்காகக் கும்பல்கள் மோதின. 2001இலே தனியார் பாதுகாப்புத் தொழிற் சட்டம் நிறைவேறியது; 2003இல் அதற்கென ஓர் அதிகார சபை அமைந்தது. குற்றப் பதிவு பார்க்கப்பட்டு, பயிற்சி பெற்று, அனுமதிப்பத்திரத்தைக் கண்காண அணிந்தே வாயிலில் நிற்கலாம் என்ற நிலை உண்டாயிற்று. நம் நண்பரும் அதனைக் கைப்பட்டியிலே அணிந்திருந்தார்.

அவர் கையிலிருந்த எண்ணும் கருவி விளையாட்டுப் பொருளன்று. 1942 நவம்பர் 28ஆம் திகதி பொஸ்ரன் நகரின் 'கோக்கனட் குரோவ்' விடுதியிலே தீப்பற்றியபோது, அளவுக்கு மிஞ்சிய கூட்டம் உள்ளே இருந்தது. முன்வாயிலின் சுழற்கதவு மனிதர் நெரிசலில் இறுகிக்கொண்டது. வேறு கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. மாண்டோர் 492 பேர். எழுபது ஆண்டுகளின் பின்னர், 2013 சனவரி 27ஆம் திகதி, பிறேசில் நாட்டின் சான்ரா மரியா நகரிலே 'கிஸ்' என்னும் விடுதியில் 242 பேர் மாண்டனர். அங்கே பணத்தை வெளியேறும்போது செலுத்துவது வழக்கம். தீ மூண்டதை அறியாத காவலர், பணம் கொடாமல் ஓடுகின்றனர் எனக் கருதித் தொடக்கத்திலே மக்களை மறித்தனர். அவர்கள் கொடியவரல்லர், பணம் கொடாதவரை விடாதே என்று பணிக்கப்பட்டவர்கள். அறிந்து அறிவிப்பதைக் கைவிட்டு, பணித்ததை மட்டும் செய்யும் காவல் எங்கே கொண்டுசென்று விடும் என்பதற்கு இதனிலும் கொடிய சான்று வேண்டுமா?

நண்பரிடம் என் வட இங்கிலாந்து அனுபவத்தைக் கூறியபோது அவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர் மெல்லச் சொன்னார்: "தம்பி, முதல் ரண்டு வருசம் நானும் சொன்னதைச் செய்தனான். எங்கடை நிறத்துப் பெடியளைத்தான் மறிச்சனான். அதுக்கெண்டே என்னை நிப்பாட்டினவங்கள் போலை; கறுத்தவன் மறிச்சால் ஆர் குறை சொல்லுறது?"

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை முகாமையாளர் வந்து, ஆசிய இளைஞர் இன்றைக்குப் போதும், இனி வருபவரைத் திருப்பிவிடு என்றாராம். வரிசையில் ஆறு இளைஞர் நின்றனர். ஒருவன் இவருடைய மூத்த மகனின் வயதினன். வாயிலில் ஒரு சம்பவப் புத்தகம் உண்டு. இரவில் நிகழ்வன யாவும் அதிலே பதியப்படல் வேண்டும். இவர் அப்புத்தகத்தைத் திறந்து, பேனையோடு முகாமையாளரிடம் நீட்டினார். "இதிலை எழுதிக் கையெழுத்து வையுங்கோ, அப்படியே செய்யிறன் எண்டு மட்டுந்தான் சொன்னனான்." முகாமையாளர் எழுதவில்லை. இளைஞர் அறுவரும் உள்ளே சென்றனர். அடுத்த வார வேலைப் பட்டியலில் இவர் பெயர் இல்லை. வேறு வாயில் கிடைக்க ஆறு வாரம் சென்றது. மூன்று பிள்ளைகளோடு அந்த ஆறு வாரமும் பகல் வேலைச் சம்பளத்திலேயே கழிந்தது. இதனைச் சொல்லும்போது அவர் குரலிற் பெருமிதம் இருக்கவில்லை. கரும்பலகையிலே கணக்கொன்றின் கடைசி வரியை எழுதி முடித்தவர் போலவே இருந்தார்.

நமது புலம்பெயர் எழுத்துகள் உணவகச் சமையலறையையும், அகதி விண்ணப்ப அலுவலகத்தையும், எரிபொருள் நிலையத்தின் இரவையும் பாடியுள்ளன. தேநீர்க் கடை வாயிலிலே நிகழ்ந்த போராட்டத்தைக் கே. டானியல் 1972இற் 'பஞ்சமர்' நாவலாக்கித் தந்தார். மறிக்கப்பட்டவனாகவும் மறிப்பவனாகவும் ஒரே வாயிலில் நிற்க நேர்ந்த தமிழனின் கதையோ இன்னும் விரிவாக எழுதப்படக் காத்திருக்கின்றது. அதை எழுத முனையும் இளைஞர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஆணையிட்டவர் எவர், அந்த ஆணையை எழுதிக் கையெழுத்திட அவர் ஆயத்தமா என்பதே அது. கையெழுத்திட அஞ்சும் ஆணைகளினாலேதான் பெரும்பாலான கதவுகள் சாத்தப்படுகின்றன.