போலீஸாரின் வினாவும் குடிமகனின் உரிமையும்

நாட்டில் வழங்கும் சட்டங்களுள் மிக்க பயனுடையன எவையென வினவின், களவையும் கொலையையும் தடுப்பனவே என்று பலரும் விடை கூறுவர். அது மெய்யே. ஆயினும், அக்குற்றங்களைத் தடுக்கப் புறப்படும் அதிகாரியின் கைக்கும் ஓர் எல்லை வகுக்கும் சட்டங்கள் உள. அவ்வெல்லை உறுதியானதோ அன்றோ என்று அறிய விரும்புவோர், ஊரார் மதிக்கும் பெரியவர் ஒருவரைப் போலீஸார் நிறுத்தும்போது நோக்குதல் போதாது. எவருக்காகப் பரிந்து பேச ஊரார் நாணுவரோ, அவரை நிறுத்தும்போது நோக்குதல் வேண்டும். ஆதலின், மசாஜ் நிலையத்திற்குச் சென்றுவரும் ஒருவரைப் போலீஸார் மடக்குவராயின் அவர்தம் நிலை யாது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

உடம்பில் எண்ணெய் தேய்த்து உருவிவிடுதல் நம் நாட்டிற்குப் புதியதன்று. இன்று நகரங்களில் அது ஸ்பா என்றும் மசாஜ் சென்டர் என்றும் பெயர்ப்பலகை தாங்கி நிற்கின்றது. அவற்றுள் நேர்மையாக நடப்பனவும் உள. அப்பெயரின் மறைவில் விபசாரம் நடப்பனவும் உள. பலகை ஒன்றையே கண்டு இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் சட்டத்திற்கு ஒவ்வாது. 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் இத்தகைய நிலையங்களில் கண்காணிப்புக் காமிரா வைத்தல் வேண்டுமென உத்தரவிட்டார். 2022 ஜனவரியில், திருச்சியிலிருந்து வந்த வழக்கொன்றில், மதுரைக் கிளையின் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் மாறான கருத்துக் கொண்டார். தவறு நடக்கலாம் என்னும் ஐயம் ஒன்றையே காரணமாகக் காட்டி ஒருவருடைய அந்தரங்க உரிமையில் தலையிடுதல் தகாது என்பது அவர் முடிபு.

இனி, சட்டம் எதனைக் குற்றமென்கிறது என்று காண்போம். 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம், விபசார விடுதி நடத்துவோரையும், அவ்வருவாயில் வாழ்வோரையும், ஆள் சேர்த்துக் கொடுப்போரையும் தண்டிக்கின்றது. வயது வந்த ஒருவர் தம் விருப்பத்தால் அத்தொழிலில் ஈடுபடுதலை மாத்திரம் அது குற்றமாக்கவில்லை. வாடிக்கையாளரை அது வெளிப்படையாகக் குறிப்பது 7ஆம் பிரிவில். பொது வழிபாட்டிடம், கல்வி நிலையம், மாணவர் விடுதி, மருத்துவமனை முதலியவற்றிலிருந்து 200 மீட்டர் எல்லைக்குள் விபசாரம் நடைபெறின், அதில் ஈடுபட்டவரோடு உடன் ஈடுபட்டவரும் மூன்று மாதம்வரை சிறைத்தண்டனைக்கு உரியர். நடராசர் கோயிலை நடுவே கொண்ட சிதம்பரம் போன்ற ஊரிலும், பல்கலைக்கழகமும் விடுதிகளும் மருத்துவமனையும் நெருங்கிய அண்ணாமலைநகரிலும் இவ்விதி எத்துணைப் பரந்த இடத்தைத் தழுவும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வெல்லைக்குப் புறத்தே வாடிக்கையாளர் நிலை யாது? 2022இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். சதீஷ்குமார், சோதனையின்போது அவ்விடத்தில் இருந்தார் என்பதனாலேயே ஒருவரைக் குற்றவாளியாக்கலாகாது எனக் கூறி, அவர் மீதிருந்த வழக்கைத் தள்ளினார். 2025இல் கேரள உயர்நீதிமன்றமோ, பணம் கொடுத்து அங்குச் செல்பவர், அப்பெண்ணை அத்தொழிலில் ஈடுபடத் தூண்டியவராகக் கருதப்படலாம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே, வாடிக்கையாளருக்கு எவ்விடத்தும் அச்சமில்லை என்று யாரும் துணிதல் கூடாது. 18 வயது நிரம்பாதவர் சம்பந்தப்பட்டிருப்பின், 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் கடுந்தண்டனை விதிக்கின்றது. அதற்கு நாம் இரங்குதற்கு இடமேயில்லை.

குற்றம் உண்டோ இல்லையோ, விசாரிக்கும் முறைக்கு விதிகள் உள. இச்சட்டத்தின்படி வாரண்டின்றிச் சோதனையிட உரிமையுடையவர், இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத விசேஷ போலீஸ் அதிகாரியும், அவருக்குக் கீழ்ப்பட்டுச் செல்வோரும் ஆவர். வாரண்டு பெறக் காலமில்லை என்பதற்குரிய காரணத்தை அவர் முன்னரே எழுதிவைத்தல் வேண்டும். அப்பகுதியிலுள்ள மதிப்புடையோர் இருவரேனும் சாட்சியாக இருத்தல் வேண்டும். அவருள் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும். பெண் போலீஸார் இருவரேனும் உடன் செல்லுதல் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி ஒளிப் பதிவாக எடுக்குமாறு பணிக்கின்றது. கைபேசியோ பணமோ எடுக்கப்படின், அது பட்டியலில் ஏறுதல் வேண்டும்.

தெருவில் நிறுத்தி வினவும் அதிகாரிக்குப் பெயரையும் முகவரியையும் மெய்யாகக் கூறுதல் நலம். பொய்ப்பெயர் கூறுதலும், ஓடுதலும், கைகலத்தலும் இல்லாத குற்றத்தை உண்டாக்கும். ஆயினும், தம்மைத் தாமே குற்றவாளியாக்கும் விடையைக் கூறுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்பது அரசியலமைப்பின் 20(3) உறுப்பு. போலீஸாரிடம் கூறிய ஒப்புதல் வாக்குமூலம், கூறியவருக்கு மாறாகச் சான்றாகாது. விசாரணையில் ஒருவர் கூறியதைப் போலீஸார் எழுதிக்கொள்ளலாம். அதில் அவர் கையொப்பமிடுதல் கூடாதென்று சன்ஹிதாவின் 181ஆம் பிரிவே சொல்கின்றது. அங்ஙனமிருக்க, வெற்றுத்தாளில் கையொப்பமிடுதல் எத்துணைத் தீது!

கைது செய்வதாயின், அதற்கும் முறையுண்டு. ஏழாண்டுவரை தண்டனைக்குரிய குற்றமாயின், கைது இன்றியமையாததென்று காட்டக் காரணம் வேண்டும்; இல்லையேல், நேரில் வருமாறு நோட்டீஸ் கொடுத்தலே முறை. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் இதனை வற்புறுத்தியது. கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளம் அணிந்திருத்தல் வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, சாட்சி ஒருவரிடமும் கைதானவரிடமும் கையொப்பம் பெறுதல் வேண்டும். காரணத்தை அறிவித்தல் வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி அனுப்புதல் வேண்டும். கைதானவர் வழக்கறிஞரைக் காணலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்துதல் வேண்டும். இவற்றுட் பல, 1996 டிசம்பரில் டி. கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்த 11 கட்டளைகளால் வலுப்பெற்றவை.

இவ்விதிகள் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதை நம் மாவட்டத்தின் வரலாறே சொல்லும். 1992இல், அந்நாளைய தென்னார்க்காட்டில், அண்ணாமலைநகர் போலீஸ் நிலையத்தில் அடைத்துவைக்கப்பட்ட ஒருவர் உயிரிழந்தார். அவரைத் தேடிச் சென்ற மனைவி வாய்விட்டுக் கூறற்கரிய கொடுமைக்கு ஆளானார். 1993இல், கம்மாபுரம் போலீஸ் நிலையத்திற்குத் திருட்டு வழக்கில் கொண்டுசெல்லப்பட்ட குறவர் சமூகத்துத் தொழிலாளி ஒருவர் வீடு திரும்பவில்லை. அவர் தப்பியோடிவிட்டதாகப் போலீஸார் கூறினர். அவர் மனைவி உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தொடுத்தார். பின்னாளில் நீதிபதியான வழக்கறிஞர் கே. சந்துரு அவருக்காக வாதாடினார். காவலில் நிகழ்ந்த மரணம் வெளிப்பட்டது. நெடுநாள் வழக்கிற்குப் பின் போலீஸார் சிலர் தண்டனை பெற்றனர். 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படத்திற்கு ஆதாரம் இதுவே.

மசாஜ் நிலைய வாடிக்கையாளர்க்கும் அவ்வேழைத் தொழிலாளிக்கும் யாது தொடர்பென்று சிலர் வினவலாம். ஒருவரது துயரத்தை மற்றவரது சங்கடத்தோடு சமமாக வைப்பது எம் கருத்தன்று. இருவரையும் காத்தற்கு அமைந்த வேலி ஒன்றே என்பதுதான் எம் கருத்து. ஏழையின் வாயை வறுமை அடைக்கின்றது; மற்றவரது வாயை வெட்கம் அடைக்கின்றது. வீட்டாருக்குச் செய்தி சொல்லட்டுமா என்று கேட்டால், உறவினருக்கு அறிவிக்கும் உரிமையே அவருக்கு அச்சுறுத்தலாக மாறிவிடுகின்றது. அவ்வச்சத்தால் சிலர் கேட்ட பணத்தைக் கொடுப்பர். நீட்டிய தாளில் கையொப்பமிடுவர். எழுத்தில் ஏறாத காவல் இவ்வாறே வளர்கின்றது. ஒருவர் பொருட்டு அவ்வேலியில் ஒரு முள்ளைப் பிடுங்க நாம் இசைவோமாயின், அவ்வழியே நாளை எளியோரும் இழுத்துச் செல்லப்படுவர்.

அந்நிலையங்களில் வேலை செய்யும் பெண்களையும் மறத்தலாகாது. தாமே விரும்பி அத்தொழிலில் உள்ள வயது வந்தோரைச் சோதனையின்போது கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாதென்றும், அவர்தம் அடையாளத்தையும் படத்தையும் பத்திரிகைகள் வெளியிடலாகாதென்றும் 2022 மே 19இல் உச்சநீதிமன்றம் கட்டளையிட்டது.

ஆகவே, இத்தகைய இடுக்கண் நேரின் செய்யத்தக்கவை சிலவே: அமைதியாக நிற்றல், அதிகாரியின் பெயரையும் நிலையத்தையும் நேரத்தையும் மனத்திற் கொள்ளுதல், தாம் கைது செய்யப்பட்டோமா, இல்லையா என்று பணிவுடன் வினவுதல், கைதில்லையெனின் விடைபெறுதல், கைதாயின் வழக்கறிஞரை நாடுதல். பொருளில்லார்க்குக் கடலூரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், சிதம்பரத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் உள. 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் சட்ட உதவி கேட்கலாம்.

ஒழுக்கத்தைக் கற்பிப்பது வீட்டின் கடன், கல்லூரியின் கடன், சமயத்தின் கடன். குற்றத்தைத் துப்பறிவது போலீஸாரின் கடன். குற்றவாளி யாரெனத் தீர்ப்பது நீதிமன்றத்தின் கடன். இக்கடன்கள் ஒன்றோடொன்று மயங்காதபடி காத்தலே சட்டத்தின் பயன். கற்றோராகிய நாம் அச்சட்டத்தை அறிந்து, அறியாதார்க்கு எடுத்துரைப்போமாயின், போலீஸ் நிலையத்தின் வாயிலில் ஒருவரேனும் அச்சம் குறைந்து நிற்பர்.